ஒரு சாண் இறக்கிய வண்டி

எங்கள் பிக்கப் வண்டியின் பின்தட்டு தரையிலிருந்து நாலு சாண் உயரத்தில் இருந்தது. அம்மாவால் யார் துணையும் இல்லாமல் உட்காரவும் எழவும் முடிந்த உயரம் மூன்று சாண். நடுவில் இருந்த அந்த ஒரு சாணை எடுத்துவிட்டால் அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா நம்பியதையெல்லாம் நம்புகிற வயது.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில், ஸ்ரீராம்புரத்தில் இருந்தோம். ரயில் பாதையை ஒட்டிய சந்து. வண்டியை வாசலில் நிறுத்தினால் குடத்தோடு வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அப்பா அந்த வண்டியில் கட்டட வேலைக்குச் சிமெண்ட் மூட்டை, கம்பி, கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார். அம்மா மல்லேஸ்வரத்தில் தெருக் கூட்டினாள். விடிவதற்குள் கிளம்பிப் போய், அந்தத் தெருக்காரர்கள் காபி குடித்துவிட்டு வெளியே வரும்போது அங்கே குப்பை இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் செய்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

முதலில் முதுகு வலி என்றாள். தைலம் தேய்த்தோம். பிறகு ஒருநாள் தள்ளுவண்டியைத் தள்ளப் போனவள், கால் எழும்பவில்லை என்று நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் டிபி என்றார்கள். டிபி என்றால் நெஞ்சில்தான் வரும், இருமத்தான் வேண்டும் என்று நினைத்திருந்த எங்கள் சந்து இதை நம்பவே இல்லை. அம்மா ஒரு தடவைகூட இருமாததால் பாதிப் பேர் அவள் வேலைக்குப் போக மனமில்லாமல் படுத்திருக்கிறாள் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். முதுகு வளையக் கூடாது. ஆட்டோவில் குனிந்து உட்காரக் கூடாது. பலகை மேல் நேராகப் படுக்கவைத்துத்தான் கூட்டிவர வேண்டும். வாரம் தவறாமல் வந்தால் ஒருநாள் நடப்பாள், விட்டுவிட்டால் கால் போய்விடும், அதற்கப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார். அப்பாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை தமிழில் தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதல் மூன்று செவ்வாய்க்கிழமைகளிலும் சந்தில் இருந்த ஆண்கள் நாலு பேர் ஜமக்காளத்தின் நாலு மூலையையும் பிடித்து அம்மாவைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். அப்பா தனியாகத் தூக்கினால் முதுகு வளையும். பலகையைச் சரிவாகப் போட்டு நடத்திப் பார்த்தோம், கால் வழுக்கியது. படி போட்டால் ஏற முடியாது. அவள் பாதம் ஒரு செங்கல் உயரம்கூட எழும்பவில்லை. ஆகவே நாலு பேர்.

மூன்றாவது தடவை தூக்கும்போது புடவை முழங்கால் வரை ஏறிவிட்டது. அதை இழுத்துவிட அம்மாவுக்குக் கை எட்டவில்லை. ஒரு பையன், நல்ல மனசோடுதான், "அக்கா கனமே இல்லண்ணா, பொரி மூட்டை மாதிரி கீது" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்த் திரும்பி, மறுபடி இறக்கி, கட்டிலில் போடும்வரை திறக்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு சொன்னாள்: "நாலு பேர் தூக்கறது ஒருத்திக்கு ஒரு தடவைதான். நான் உசுரோட இருக்கறப்பவே மூணு தடவ தூக்கிட்டாங்க. இனிமே நானா ஏறுனா வரேன். இல்லன்னா இங்கயே கெடக்கறேன், வுட்டுடு."

அப்பா கெஞ்சினார். திட்டினார். சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவரே பொறுக்கினார். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அடுத்த செவ்வாய் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை.

அந்த வாரம்தான் அப்பா அம்மாவின் துடைப்பத்திலிருந்து மூங்கில் கம்பைக் கழற்றினார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து எழுவதைப் பார்த்து, அந்த உயரத்தில் கம்பில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டார். பிறகு வண்டியின் பின்தட்டுக்கு நேராகக் கம்பை நிறுத்தி இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டுக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு சாண்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தாய்மாமன் வந்தார். அம்மாவுக்குத் தம்பி. லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டும் கடையில் வேலை. வண்டியின் பாரத்தைத் தாங்க அச்சுக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதுதான் கமான் பட்டை. மாமாவின் இடது கையில் நடுவிரல் பாதிதான் இருக்கும். மீதியை ஒரு பட்டை தின்றுவிட்டது என்பார்.

"வண்டிய இறக்கணும் மச்சான்" என்றார் அப்பா.

"கீழதான மாமா நிக்குது? இன்னும் எங்க இறக்கறது?"

"ஒரு சாண் இறக்கணும்."

மாமா சிரித்துவிட்டார். "ஊர்ல எல்லாரும் லோடு ஏத்தணும், ரெண்டு பட்டை சேத்துக் கட்டு, வண்டியத் தூக்கிக் குடுன்னுதான் வருவாங்க. இறக்கிக் குடுன்னு வந்த மொத ஆளு நீதான். இன்னா மாமா, வயசுப் பசங்க மாதிரி ஷோக்கு வந்துடுச்சா?"

அப்பா மூங்கில் கம்பை எடுத்து நீட்டினார். "கீழ் வெட்டு உங்கக்கா. மேல் வெட்டு வண்டி."

மாமா கம்பை வாங்கி இரண்டு வெட்டையும் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இந்த வேலைக்கென்றே சாமான்கள் ஒரு பெட்டியில் அடுக்கி வரும் என்று பல வருஷம் கழித்து ஓசூரில் ஒரு மெக்கானிக் சொல்லக் கேட்டேன். வண்டியை இறக்குவது அங்கே அழகுக்காம். எங்கள் பெட்டி ஒரு கோணிச் சாக்கு. மத்தியானம் மாமா தன் கடைக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பட்டையை அச்சோடு இறுக்கும் நீளமான யூ போல்ட் நாலு, லாரியின் உடைந்த பட்டையிலிருந்து வெட்டிய கனத்த இரும்புத் துண்டு இரண்டு, ஒரு கைப்பிடி அளவு நட்டு. அவ்வளவுதான்.

யோசனை என்னவென்றால், பட்டை அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றி அச்சுக்கு அடியில் கட்டிவிட்டால் வண்டி தானாக இறங்கிவிடும். சொல்வதற்கு ஒரு வரிதான். செய்வதற்கு ஒரு நாள் ஆனது. முன்சக்கரத்துக்கு ஆட்டுக்கல்லின் குழவியை முட்டுக் கொடுத்தார்கள். பின்னால் ஜாக்கி போட்டு ஏற்றி, சட்டத்துக்கு அடியில் பழைய ரயில் கட்டைத் துண்டுகளை அடுக்கினார்கள். பழைய யூ போல்ட்டுகள் துருவேறி அச்சோடு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி இரண்டு பேரும் தொங்கினார்கள். நட்டு அசைந்தபோது ஏதோ மிருகம் கத்தியது போலச் சத்தம் வந்தது. நான் நட்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். என் எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை.

உள்ளே கட்டிலில் இருந்து அம்மா அவ்வப்போது குரல் கொடுத்தாள். "டேய், வெரல் பத்திரம்டா. இருக்கற ஒம்போதரையாவது மிச்சம் வையி."

"நீ சும்மா படுக்கா. உனக்கு விமானம் கட்டினு இருக்கறோம்."

பக்கத்துச் சந்தில் வெல்டிங் கடை வைத்திருந்த பாய் தன் கருவிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அச்சுக் குழாயின் அடிப்பக்கம் அந்த இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்தால்தான் பட்டை உட்கார இடம் கிடைக்கும். "அரே, யாருக்கு இந்த ஷோக்கு?" என்று அவரும் அதையே கேட்டார். அப்பா, "வீட்டுக்காரிக்கு" என்றார். பாய் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல் பற்றவைத்தார். முடித்ததும் சுத்தியலால் நாலு தடவை தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "வண்டி உடையும். இது உடையாது" என்றார்.

பட்டையை அடியில் கட்டி, சக்கரத்தை மாட்டி, கட்டைகளை உருவி, ஜாக்கியை இறக்கினார்கள். வண்டி பின்னால் தாழ்ந்து குத்துக்காலிட்ட நாய் மாதிரி நின்றது. அப்பா கம்பை எடுத்து வந்து நிறுத்தினார். பின்தட்டு கீழ் வெட்டுக்கு வரவில்லை. மூன்று விரல் மேலே நின்றது.

"போதும் மாமா" என்றார் மாமா. "மூணு விரல்தான? கீழ ஒரு கல்லு போட்டுக்கலாம்."

"கல்லு மேல கால் எடுத்து வைக்க முடிஞ்சா நான் ஏன்டா இந்த வேலைய பண்றேன்?"

"அக்கா எக்கி உக்காரும்."

"எக்கக் கூடாது. முதுகு."

அப்பா வண்டிக்கு அடியில் குனிந்தார். ஒரு பக்கத்துக்கு ஏழு பட்டை. "ரெண்டு ரெண்டு உருவிடு" என்றார். "தானா தாழும். பட்டை கொறஞ்சா மெதுவாவும் இருக்கும் அவளுக்கு."

மாமா எழுந்து உட்கார்ந்தார். அச்சுக்கும் அதற்கு மேலே இருந்த வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் கையை நுழைத்துக் காட்டினார். "இங்க பாரு. பட்டைய கீழ மாத்துனதுல அச்சு மேல ஏறிடுச்சு. பழைய எடம் எவ்ளோ இருந்துது? இப்ப இன்னா கீது? நாலு விரல். நீ பட்டையும் உருவுனா அதுவும் இருக்காது. பள்ளத்துல வுட்டா அச்சு நேராப் போயி சட்டத்துல அடிக்கும் மாமா. இரும்புல இரும்பு."

"நான் பள்ளத்துல வுட மாட்டேன்."

"பெங்களூர்லயா?"

வெல்டிங் பாய் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமாவும் படுத்தார். சாயங்கால வெயில் ரயில் பாதைப் பக்கமிருந்து சந்துக்குள் விழுந்தபோது பின்தட்டு கீழ் வெட்டில் வந்து நின்றது, கோடு போட்டது போல. உருவி எடுத்த நாலு பட்டைகளும் சுவரோரம் சாய்ந்திருந்தன.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. வண்டியருகில் வந்து திரும்பி நின்று, பின்கையால் தட்டைத் தொட்டுப் பார்த்து, மெல்ல உட்கார்ந்தாள். யாரும் தொடவில்லை. கைகளை ஊன்றி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகர்ந்து, அப்பா போட்டுவைத்திருந்த பலகை மேல் சாய்ந்து படுத்தாள். ஒரு குழந்தை கைதட்டியது. அம்மா புடவையைத் தானே சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். மாமா திரும்பி நின்று சுவரிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பா முகத்தில் அன்றிருந்த சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

"எப்டி கீது?" என்றார்.

"மெத்தை மாதிரி கீது" என்றாள் அம்மா. வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆனது. பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். ஓட்டுகிற இடத்துக்குப் பின்னால் கம்பி வலை போட்ட ஒரு சின்னக் கண்ணாடி. அப்பா என் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார். "அம்மாவுக்கு வலிச்சா வலையில ஒரு தடவ தட்டு, மெதுவாப் போறேன். ரொம்ப வலிச்சா ரெண்டு தடவ தட்டு, நிறுத்திடறேன். அப்டி வலிச்சா பட்டைய திரும்பப் போட்டுடலாம், வேற வழி பாக்கலாம். புரியுதா? உன்ன நம்பித்தான் ஓட்டறேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

அப்பா உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓட்டினார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் வந்த பஸ்காரர் ஆரன் அடித்துக் கன்னடத்தில் அப்பாவின் வம்சத்தை விசாரித்தார். ஆனால் அப்பா ஒரு பள்ளத்தைத் தவிர்க்கத் திருப்பினால் சக்கரம் இன்னொரு பள்ளத்தில் இறங்கியது. அப்போது வண்டிக்கு அடியிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வரும். பலகையோடு அம்மா ஒரு துளி எழும்பி விழுவாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. நீ வாய்ப்பாடு சொல்லு. பள்ளிக்கூடம் போகலைல்ல? ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு."

சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரையிலும் விடவில்லை. திரும்பி வரும்போதும் பிடித்துக்கொண்டாள். குப்பைத் தள்ளுவண்டி தள்ளிய கை, எலும்பு தெரிந்தாலும் பிடி பலமாகத்தான் இருந்தது. அம்மா என்னிடம் அப்படியெல்லாம் கொஞ்சுகிறவள் இல்லை. வேலை, வசவு, சோறு, தூக்கம் என்று இருந்தவள். அதனால் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள் பண்டிகை மாதிரி இருந்தன. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் எனக்கு மட்டும் ஒரு லாபம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா ஓடிவந்து முதலில் என்னைத்தான் கேட்பார். "பாப்பா, நீ தட்டவே இல்லையே?"

"இல்லப்பா. நல்லாருந்துச்சு."

"சத்தம் கேட்டுதே."

"சத்தம் வண்டிக்கு" என்பாள் அம்மா. "எனக்கு இல்ல."

இப்படி வாரம் ஒரு வாய்ப்பாடு. மூன்று, நாலு, ஐந்து. இதற்குள் வண்டியின் பிழைப்பு மாறிவிட்டது. பட்டை குறைந்த வண்டியில் சிமெண்ட் ஏற்ற முடியாது, கம்பி ஏற்ற முடியாது. பத்து மூட்டை வைத்தாலே டயர் மேல்தகட்டில் உரசியது. அப்பா கனமில்லாத சரக்காகத் தேடிப் போனார். கடைசியில் பொரி கிடைத்தது. ஆள் உயரத்துக்குக் கட்டிய பொரி மூட்டைகளை மலை மாதிரி அடுக்கிக்கொண்டு, முன்பு கல் ஏற்றிய அதே தெருக்களில் ஊர்ந்து போவார். சந்தில் அதை 'பொரி வண்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பா காதில் வாங்காத மாதிரி போவார். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் தட்டில் உதிர்ந்து கிடக்கும் பொரியைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பலகையைப் போடுவார். அம்மா உட்கார்ந்து நகரும்போது அவள் உள்ளங்கையில் இரண்டு பொரி ஒட்டியிருக்கும். எடுத்து என் வாயில் போடுவாள்.

ஒன்பதாம் வாய்ப்பாடு நடந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளங்களில் தண்ணீர் நின்றதால் எது ஆழம் எது இல்லை என்று தெரியவில்லை. அன்று 'டம்' என்ற சத்தத்தை நான் எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். அம்மாவின் கீழுதட்டில் பல் பதிந்த தடம் இருந்தது. கண் ஓரத்தில் ஈரம். கேட்டதற்கு மழைச்சாரல் என்றாள். தார்ப்பாய் கட்டியிருந்தது, சாரல் வர இடமில்லை. எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வந்தவர் வீட்டுக்குள் வராமல் நேராக வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"மாமா, வந்து பாரு. அச்சு முட்டுற எடத்துல சட்டம் வெள்ளி மாதிரி மின்னுது. எத்தன ஆயிரம் அடி வாங்குனா இரும்பு இப்டி மின்னும் தெரியுமா? பட்டைய எடு, இப்பவே கட்டிடறேன்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. சுவரோரம் துருவேறிக் கிடந்த நாலு பட்டைகளையும் பார்த்தார். பிறகு பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தவர் போலச் சொன்னார்: "வலிச்சா தட்டச் சொல்லியிருக்கேன். ஒரு தடவகூட தட்டல. வேணும்னா பாப்பாவ கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் சண்டையை நிறுத்திவிட்டு என் பதிலுக்காக நிற்பது அதுவே முதல் தடவை. நான் நிமிர்ந்து நின்று, "ஒரு தடவகூட தட்டல மாமா. அம்மா என் கையப் புடிச்சினு ஜாலியாத்தான் வருவாங்க" என்றேன்.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "டேய், பட்டையத் தொட்ட, நாளையிலருந்து நீயும் மூணு பேரக் கூட்டினு வந்து தூக்கு. வந்தியா, ஒரு வாய் காபி குடிச்சியான்னு போ."

மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அவர் அம்மாவின் தம்பி. அவள் ஒன்றைச் சொன்ன பிறகு அவரும் மாற்றிச் சொன்னதில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுச் செவ்வாயன்று ஆஸ்பத்திரியில் அம்மாவால் வண்டியிலிருந்து நகர்ந்து இறங்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துவிட்டன என்றாள். மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு நொறுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். வரும் வழியில் எங்காவது விழுந்தாளா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். பத்திரமாகத்தான் கொண்டுவருகிறோம், மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், பொண்ணு கூடவே இருப்பாள் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சில வாரம் அங்கே வைத்திருந்தார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகில் புண் வந்தது, காய்ச்சல் வந்தது. தைக்குள் முடிந்துவிட்டது.

நாலு பேர் தூக்கினார்கள். பொரி மூட்டை என்று சொன்ன பையனும் அதில் இருந்தான், அழுதுகொண்டே தூக்கினான். எங்கள் வண்டியில்தான் கொண்டுபோனோம். வண்டி தாழ இருந்தது வசதியாகப் போயிற்று என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, வசதியாகத்தான் இருந்தது.

அப்பா பட்டைகளைத் திரும்பக் கட்டவில்லை. கட்டியிருந்தால் மறுபடி சிமெண்ட் ஏற்றிப் பிழைத்திருக்கலாம். மாமா பல தடவை வந்து கேட்டார். "இருக்கட்டும், அவ ஏறி இறங்குன உயரம்" என்று சொல்லிவிட்டார். பொரி ஏற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஓடியது. பிறகு வண்டி நின்றது. அப்புறம் அப்பாவும் நின்றுவிட்டார், வாசலில், எதையும் செய்யாமல்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. பதிமூன்றாம் வாய்ப்பாடு எனக்கு இன்றுவரை தெரியாது. சந்தில் இருக்கப் பிடிக்கவில்லை. ஓசூரில் துணிக் கம்பெனியில் நூல் வெட்டினேன், கிருஷ்ணகிரியில் மாங்காய் தரம் பிரித்தேன், சக்லேஷ்பூர் பக்கம் காபித் தோட்டத்தில் பழம் பறித்தேன். எங்கும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொல்வேன்: எங்கம்மா என் கையை விடவே மாட்டாள். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வேறு எதுவும் இல்லாதவளுக்கு அது ஒரு சொத்து.

காபித் தோட்டத்தில் ஒரு தடவை சரிவில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதை முழுக்கக் கல். ஓட்டியவர் வயசானவர், வேர்க்க விறுவிறுக்க, தன்னால் முடிந்த அளவு மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் திரும்பிப் பார்த்து, "பரவால்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனிடம் என்ன சொல்வது? எனக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்தச் சொல்ல அவர் தோளைத் தட்டப் போனாள். என் நல்ல கை அதுவாகவே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் பயந்து பிடித்துக்கொண்டேன் என்று நினைத்து. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டியில் அம்மாவுக்கு வலது பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், வெயில் அடித்தால் இடது பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஸ்பேனர் என் வலது கையில்தான் இருக்கும். அம்மா பிடித்ததும் அந்தக் கையைத்தான். என் இடது கை பதினோரு வாரமும் மடியில் சும்மாதான் கிடந்தது. அவள் அதை ஒரு தடவைகூடத் தேடவில்லை.